போருக்காக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள்: மண்ணடியிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 பேருக்கும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

நான் மண்ணடியில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். இரும்புக் குழாய், போல்ட் நட்டு, பேரிங், கயிறு, படகு எஞ்சினுக்கான உதிரி பாகங்கள் விற்கும் கடைகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் பிழைப்பு. 2025 மே 7 அன்று நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. என் மேசையிலிருந்து துறைமுகச் சுவர் நடந்தே போய்விடும் தூரம். அன்று மாலை கடைக்காரர்கள் தொலைக்காட்சி முன் கூடி நின்றார்கள். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. எழுபது வயதான ஒருவர் மட்டும், "இதைக் காரணம் காட்டி இனி என்னென்ன விதி வருமோ" என்றார். அவர் அப்படிக் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வடசென்னை போரைக் கண்ணால் பார்த்த ஊர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு அன்றிலிருந்து நம் பேச்சில் தங்கிவிட்டது. கப்பல் வந்த வேகத்தில் போய்விட்டது. மறு ஆண்டு, உலகப் போரைக் காரணம் காட்டி வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அப்படிப் போகவில்லை. போரோடு முடிய வேண்டிய அந்த அதிகாரங்களை அமைதிக் காலத்துக்கும் நீட்டத்தான் 1919இல் ரௌலட் சட்டம் வந்தது. அதை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தலாம் என்று காந்திக்குத் தோன்றியது இதே சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது.

நான் சொல்ல வருவது இதுதான். போருக்காக என்று சொல்லி அரசு எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் பணமும், போர் முடிந்த பிறகு எடுத்த இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. என் வீட்டிலேயே அதற்குக் கணக்கு இருக்கிறது.

என் அம்மாவின் அப்பா பத்தர். தங்கசாலைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டடிக்கு ஆறடி அறையில் வேலை. குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், சின்னப் பட்டடை, கம்பி இழுக்கும் கம்பியச்சு, குன்றிமணி போட்டு நிறுக்கும் பித்தளைத் தராசு. அவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. மாலையில் அறையைப் பெருக்கினால் குப்பையைக்கூட வெளியே கொட்டமாட்டார். அதில் பொன் துகள் இருக்கும். சேர்த்து வைத்து அலசி எடுப்பார். 1962 அக்டோபரில் சீனாவுடன் போர் மூண்டது. பாதுகாப்பு நிதிக்கு நகை கொடுங்கள் என்று அரசு கேட்டது. பாட்டி தன் கைக்காப்பில் ஒன்றைக் கழற்றினார். தாத்தா அதைத் தன் தராசிலேயே நிறுத்து, துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மனமுவந்து கொடுத்தது அது. கடைசி வரை அதற்காக இருவரும் வருந்தியதில்லை என்று அம்மா சொல்வார்.

நவம்பர் 21 அன்று சண்டை நின்றது. 1963 ஜனவரியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், தங்கக் கட்டுப்பாடு வந்தது. இனி 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் நகை செய்யக் கூடாது. 22 காரட்டில் தாலியும் தோடும் செய்து பழகிய கைக்கு 14 காரட் விறைத்துக்கொண்டு நிற்கும். அப்படியே செய்தாலும் அந்த நிறத்தில் தாலி வாங்க எந்த வீட்டாரும் வரமாட்டார்கள். காப்பு கொடுத்த வீட்டில் மூன்றே மாதத்தில் குமுட்டி அணைந்தது. நாட்டின் பல பகுதிகளில் பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தபடி இருந்தன. தாத்தா அந்த ஆடி மாதம் கம்பியச்சை விற்றுவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போனார். தராசை மட்டும் விற்கவில்லை.

14 காரட் விதியை 1966இல் விலக்கினார்கள். உரிமம், பதிவேடு, சோதனை எதுவும் விலகவில்லை. 1968இல் அவற்றைத் தனிச் சட்டமாகவே நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டம் ஒழிந்தது 1990இல். ஒரு மாதப் போருக்காக வந்த கட்டுப்பாடு 27 ஆண்டுகள் இருந்தது. அத்தனை ஆண்டுகளும் சட்டத்துக்கு அஞ்சிய பத்தர் நசிந்தார், கடத்தல்காரன் கொழுத்தான். தாத்தா 1990ஐப் பார்க்கவில்லை.

நகைத் தொழிலோடு இது நிற்கவில்லை. அதே போருக்காக 1962 அக்டோபர் 26இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையை 1968 ஜனவரி 10 வரை வைத்திருந்தார்கள். சண்டை ஒரு மாதம், நெருக்கடி நிலை ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். 1971 டிசம்பர் 3இல் பாகிஸ்தான் போருக்காக மறுபடியும் அறிவித்தார்கள். போர் இரண்டே வாரத்தில் வெற்றியோடு முடிந்தது. அந்த அறிவிப்போ 1977 மார்ச் வரை உயிரோடு இருந்தது, அதன் மேலேயே 1975 ஜூனில் இன்னொன்றையும் ஏற்றினார்கள். மிசாவில் பிடித்தவர்களைச் சென்னை மத்தியச் சிறையில் அடித்தார்கள். அந்த அடியின் விளைவாக 1977 ஜனவரியில் இறந்த சிட்டிபாபு இந்த நகரத்தின் முன்னாள் மேயர், உங்களைப் போல நாடாளுமன்ற உறுப்பினர். உங்களில் பலருடைய கட்சிக் கூட்டங்களில் இன்றும் மிசா தியாகிகளைப் போற்றுகிறீர்கள். அந்தத் தியாகத்துக்கு மரியாதை செய்கிறவர்கள், விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் சட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் கையை உயர்த்தக் கூடாது.

மாநிலத்திலும் இதே கதைதான். கள்ளச் சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர் என ஒரு சிலரைக் கட்டுப்படுத்த என்று 1982இல் கொண்டு வந்த தடுப்புக் காவல் சட்டத்தை நாம் குண்டர் சட்டம் என்கிறோம். திருட்டு வீடியோ விற்பவர், மணல் அள்ளுபவர், இணையக் குற்றம் செய்பவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம், ஜாமீன் கிடையாது, ஆலோசனைக் குழுவின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் அந்தச் சட்டத்தின் பெயரைத் தெரியாத வீடு அபூர்வம்.

எந்தக் கட்சியையும் குறிவைத்து நான் இதை எழுதவில்லை. அதிகாரம் எவர் கையில் இருந்தாலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ராஜாஜியைவிடச் சிறந்த சான்று நம்மிடம் இல்லை. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் என்று அரசின் கட்டுப்பாடுகளைச் சாடியவர் அவர். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி கேட்க 1962இல், அந்த வயதில், அமெரிக்காவுக்குப் போய் கென்னடியைச் சந்தித்தவர். அதற்கு முன்பே, 1952இல் முதலமைச்சராக இருந்தபோது, உலகப் போர்க் காலத்தில் வந்த உணவு ரேஷன் கட்டுப்பாட்டை ஒரே அறிவிப்பில் நீக்கியவரும் அவரே. போர் வாங்கிக் கொடுத்த அதிகாரத்தை ஓர் ஆட்சியாளர் தாமாகவே மக்களிடம் திருப்பிக் கொடுத்ததற்கு எனக்குத் தெரிந்த அரிய எடுத்துக்காட்டு அது. அதற்காக அவரை வணங்குகிறேன்.

ஆனால் மூலகொத்தளம் இடுகாட்டில் நடராசனும் தாளமுத்துவும் இருக்கிறார்கள். 1938இல் ராஜாஜி இதே மாகாணத்தை ஆண்டபோது, வெள்ளைக்காரன் காங்கிரசை ஒடுக்கக் கொண்டு வந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தையே இந்தி எதிர்ப்பாளர்கள் மீது ஏவினார். அந்த இரண்டு பேரும் 1939இல் சிறைக் காவலில் இறந்தார்கள். அதே 1939இல் அவர் கொண்டு வந்ததுதான் பொது விற்பனை வரி. மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுகட்ட என்று காரணம் சொன்னார்கள். 1971இல் மதுக்கடைகளைத் திறந்தார்கள். வரி போகவில்லை. இன்று அது ஜிஎஸ்டி என்ற பெயரில் இருக்கிறது, மதுவை அரசே சில்லறையில் விற்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்த வரிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் நான் அதன் பிறப்புக் கதையை நினைக்காத மாதம் இல்லை. அறிஞர், நேர்மையாளர், காந்தியின் நண்பர், அதிகாரத்தை ஐயத்தோடு பார்த்தவர். அவர் கையிலேயே அது அப்படி நடந்துகொண்டது என்றால், மற்றவர்கள் கையில் கட்டில்லாமல் விடலாமா?

அவர் பெயரில்தான் துறைமுகத்தை ஒட்டிய சாலை இருக்கிறது. 1990இல் அந்த ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மார்ச் மாதம் இலங்கையிலிருந்து அமைதிப்படை கப்பல்களில் திரும்பியது. 1987 ஜூலை ஒப்பந்தத்தின் பேரில் போன படை. சில மாதங்களில் அங்கே தமிழர்களோடு போரில் இறங்கியிருந்தது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் இறந்தார்கள். நம் சிப்பாய்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது பற்றிய வாக்குவாதம் ஊரெல்லாம் நடந்தது.

எனக்கு நினைவில் இருப்பது வேறு. பீச் ஸ்டேஷன் எதிரே தேநீர்க் கடையில் ஒரு சிப்பாய் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். தமிழ் தெரியாது. தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு இலங்கைக் காசு. கடைக்காரர் அதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். சிப்பாய் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வேறு காசு கொடுத்துவிட்டு, அதை எடுக்காமலே போய்விட்டார். அவரை அங்கே அனுப்பியது யார்? பிரதமர் கையெழுத்திட்டார், படை புறப்பட்டது. நம் அரசமைப்பில் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை, ஒப்பந்தத்துக்கும் வேண்டியதில்லை. 1974இல் கச்சத்தீவு போனதும் அப்படித்தான், அவையில் வெறும் அறிக்கையோடு. நீங்கள் ஐம்பத்தேழு பேர் அல்ல, அவை முழுவதுமே சேர்ந்தாலும், படை போவதற்கு முன் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ பதிவு செய்ய இன்றுவரை வழியில்லை.

பாகிஸ்தானும் சீனாவும் பக்கத்தில் இருக்கும்போது இதெல்லாம் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். நாட்டைக் காக்கப் படை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. காப்புக் கொடுத்த வீட்டில் பிறந்தவன் நான். படையின் பெயரால் நடப்பதையெல்லாம் கணக்குக் கேட்காமல் விடச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

கணக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு என் வாடிக்கையாளர் ஒருவரின் கொள்முதல் பில் எண்ணில் ஒரு சாய்கோடு விடுபட்டுவிட்டது. வித்தியாசம் 11,400 ரூபாய். நோட்டீஸ் இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது. அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கத் தவறினேன். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய வங்கிக் கணக்கு முடங்கியது. மறுநாள் கூலி நாள். எட்டுப் பேர் கடை வாசலில் நின்றார்கள். பணம் வங்கியில் இருந்தது, எடுக்க முடியவில்லை. அவர் பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கிக் கூலி கொடுத்தார். நான் நான்கு முறை அந்த அலுவலகத்துக்கு நடந்து, பில், லாரி ரசீது, வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் காட்டி அந்தச் சாய்கோட்டை விளக்கினேன். கணக்கு விடுபட மூன்று வாரம் ஆனது.

இப்போது உங்கள் பக்கம். 2018 மார்ச் 14 அன்று 99 அமைச்சகங்கள், துறைகள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளையும் நிதி மசோதாவையும் மக்களவை சுமார் அரை மணி நேரத்தில், விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. கட்சிகள் வெளிநாட்டு நன்கொடை வாங்கியதை 1976ஆம் ஆண்டிலிருந்து முன்தேதியிட்டுச் சரிசெய்த திருத்தமும் அந்த நிதி மசோதாவுக்குள்ளேயே இருந்தது. அந்த நாட்களில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் காவிரிக்காக அவையில் போராடிக்கொண்டிருந்தார்கள். நியாயமான போராட்டம்தான். ஆனாலும் அந்த அரை மணி நேரம் யாருக்கும் உறுத்தவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சில அமைச்சகங்களை மட்டும் விவாதித்துவிட்டு மற்றவற்றைக் கில்லட்டின் என்று ஒரேயடியாக முடிப்பது வழக்கமாகிவிட்டது. 11,400 ரூபாய்க்கு நான் கொண்டுபோன தாள்களில் பாதியாவது அமைச்சர்களிடம் கேட்டீர்களா?

2025-26 மத்திய பட்ஜெட் 50.65 லட்சம் கோடி ரூபாய். பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. நான்கில் ஒரு பங்கு வட்டிக்குப் போகும் ஒரு கடையின் கணக்கை என்னிடம் கொண்டு வந்தால், உட்கார வைத்து, செலவை எங்கே குறைக்கலாம் என்றுதான் முதலில் பேசுவேன்.

பாதுகாப்பு என்ற சொல் எங்கள் பக்கம் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவருக்குக் கைரேகை அடையாள அட்டை, படகுக்கு மாநிலவாரியாக நிறம். காசிமேட்டுக்காரர்கள் முணுமுணுக்காமல் செய்தார்கள். அதே பாதுகாப்பின் பெயரால் 2015இல் சுங்கத்துறை அம்மோனியம் நைட்ரேட் பறிமுதல் செய்தது. சுமார் 700 டன், 37 கண்டெய்னர்களில், மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஐந்து ஆண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4இல் பெய்ரூட் துறைமுகம் அதே வேதிப்பொருளால் வெடித்துச் சிதறிய பிறகுதான், சுற்றியிருந்தவர்களுக்கே விஷயம் தெரிந்தது, அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பிடித்து வைக்கும் அதிகாரம் ஒரே நாளில் வந்தது. அகற்றும் பொறுப்பு ஐந்து ஆண்டுகள் எவர் மேசையிலும் இல்லை.

எண்ணூரில் அனல் மின் நிலையம் அரசுடையது, துறைமுகம் அரசுடையது, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் பொதுத்துறை. புகையையும் சாம்பலையும் கண்காணிக்கும் வாரியமும் அரசுடையது. தன் வீட்டுக் குப்பைக்குத் தானே தண்டம் போட்டுக்கொள்ளும்படி ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் ஒரு தனியார் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூக்கெரிச்சலில் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோக்களில் ஏறி ஓடினார்கள். எதிரி விமானத்துக்கு ஒத்திகை பார்க்கும் அரசு, தான் அனுமதி கொடுத்த குழாய்க்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அப்படி ஓர் ஒத்திகை நடத்தியிருக்கலாம்.

சட்டத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்க அரசமைப்பு போர் அறிவிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசிடம் கொடுத்திருக்கிறது. கடைசியாக முறைப்படி அறிவித்தது 1942இல். கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அப்படியோர் அறிவிப்பு இல்லாமல் நடந்த போர்கள். அவர்களுடைய பாதுகாப்புத் துறை 2018இல் முதல் முழுத் தணிக்கையில் தேறவில்லை, அதன் பிறகு வந்த தணிக்கைகளிலும் தேறவில்லை. ஆனாலும் அங்கே ஒன்று இருக்கிறது. 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரம் விழுந்த சில நாட்களில், படை பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி கொடுக்கும் தீர்மானம் வந்தபோது பிரதிநிதிகள் அவையில் 420 பேர் ஆதரித்தார்கள், பார்பரா லீ என்ற ஒரே ஒரு பெண் எதிர்த்தார். சில வரிகளே இருந்த அந்தத் தீர்மானத்தைக் காட்டி இருபது ஆண்டுகள் பல நாடுகளில் சண்டை போட்டார்கள். யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று பெயரோடு பதிவு இருப்பதால்தான் இன்று மண்ணடியில் உட்கார்ந்துகொண்டு என்னால் அவர் பெயரைச் சொல்ல முடிகிறது.

எனவே உங்களிடம் கேட்கிறேன். நாட்டின் எல்லைக்கு வெளியே படை போவதென்றால், அதற்கு முன்போ, அவசரம் என்றால் சில வாரங்களுக்குள்ளோ, அவையில் பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டு வாருங்கள். தோற்கும் என்று தெரிந்தே கொண்டு வாருங்கள். பாதுகாப்பின் பெயரால் வரும் எந்தச் சட்டத்துக்கும் முடியும் தேதியை அதன் முதல் பக்கத்திலேயே கேளுங்கள். தேதி இல்லாவிட்டால் ஆதரிக்காதீர்கள்.

மசோதாவுக்குக் காலம் ஆகும். வெட்டுத் தீர்மானத்துக்கு ஆகாது. மானியக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லி அதன் கொள்கையையே மறுக்கலாம், குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்லிச் சிக்கனம் கேட்கலாம், நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு குறையை மட்டும் முன்வைக்கலாம். குரல் வாக்கெடுப்பு என்று சொன்னால் எழுந்து டிவிஷன், அதாவது யார் எப்படி வாக்களித்தார் என்று பதிவாகும் வாக்கெடுப்பு, கேட்கலாம். விதிப்புத்தகம் உங்களிடம் இருக்கிறது. வரும் பட்ஜெட் கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது இதைச் செய்துவிட்டு, எந்தத் தேதியில், எந்த எண் கோரிக்கைக்கு, என்ன கேட்டீர்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். "இனி என்னென்ன விதி வருமோ" என்று கேட்ட அந்தப் பெரியவருக்கு அதை நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மண்ணடியிலிருந்து ஒரு கணக்கர்